டிரைவரக்காவும் எட்டு கோலும்

டிரைவரக்காவுக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். பச்சைச் சட்டை கால்பந்து அணிக்கு மட்டும் தெரியாது. அவர்கள் பஸ்ஸை ஓட்டிய இத்தனை வருஷத்தில் அவள் அவர்கள் முன்னால் வாயைத் திறந்ததே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் சட்டம் போட்டுவிட்டார். "வண்டிக்குள்ள ஆட்டத்தப் பத்தி ஒரு பேச்சும் கூடாது. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. நீங்க ரோட்டப் பாருங்க, அது போதும்."

அதற்கு முன்னால் தண்ணி லாரி ஓட்டியவள் அவள். குடத்தோடு முட்டிக்கொள்ளும் கூட்டத்தை வரிசையில் நிற்க வைத்துப் பழகிய தொண்டை. அதைப் பூட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் பாவாடை சட்டை போட்ட வயசிலிருந்து எந்த அணிக்காக அழுது சிரித்தாளோ, அந்த அணியைத் தானே ஏற்றிக்கொண்டு போவதென்றால் சும்மாவா. வாயைப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, பஸ் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அடக்கி வைத்ததெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியே வரும். தோற்ற நாளில் நேராகக் குளியலறைக்குள் போவாள். நீலக் கதவைப் படாரென்று சாத்துவாள். குழாயைத் திறந்துவிட்டு, கேப்டனில் தொடங்கி வரிசையாக ஒவ்வொருவனையும் வசவால் குளிப்பாட்டுவாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அவள் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர். அவரும் பச்சைச் சட்டைப் பைத்தியம்தான். வெளியே நின்றுகொண்டு, "ரெண்டாவது பாதிய மறந்துட்ட பாரு" என்று எடுத்துக் கொடுப்பார். குளியல் முடிந்தால் கோபமும் முடிந்துவிடும். அவர்கள் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த எட்டு கோல் மட்டும் குளியலறைக்குள் அடங்குகிற சமாச்சாரமாக இல்லை.

வெளியூரில் சனிக்கிழமை ஆட்டம். எட்டுக்குப் பூஜ்யம். பஸ்ஸை நிறுத்திய இடத்தில் கம்பி வேலியைப் பிடித்தபடி அக்கா முழுசாகப் பார்த்தாள். தோற்பது அவளுக்குப் புதுசில்லை. பச்சைச் சட்டையை நேசிக்கிறவர்களுக்குத் தோல்வி சளி மாதிரி, மாசத்துக்கு ஒரு தடவை வந்து போகும். இது வேற. நாலாவது கோல் போனபோது கேப்டன் நடு மைதானத்தில் நின்று முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆறாவது கோலுக்கு எதிரணிக்காரன் பந்தை உருட்டிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்தால், சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவனுக்குக்கூட அதைவிட அவசரம் இருக்கும். ஒருத்தனும் குறுக்கே போகவில்லை.

கோல் காக்கிற கோலி மட்டும் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். நம்ம ஊர் மைதானத்துக்குப் பின் தெருப் பையன் அவன். முதல் வருஷம் லேசில் ஒரு பந்தையும் உள்ளே விடாததால் கூட்டமே ஆசையாக அவனுக்குக் "கதவு" என்று பேர் வைத்திருந்தது. ஏழாவது கோலைத் தடுக்கப் போய்க் கம்பத்தில் மோதி மணிக்கட்டு வீங்கிப்போனது. மாற்று கோலி, தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டான். அந்தக் கையோடுதான் எட்டாவதுக்கும் பாய்ந்தான்.

எதிர்ப் பக்கத்து மூலையில் நம்ம ஆட்கள். ஒரு லாரியில் நின்றுகொண்டே வந்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரரும் அதில் இருந்தார். ஆறாவது கோல் வரைக்கும் பாடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அந்த மூலைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு கை உயரவில்லை. தலையைக் குனிந்தாவது போயிருக்கலாம், அதுவும் இல்லை, பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். அக்கா கம்பி வேலியை உதறிவிட்டு வண்டிக்குத் திரும்பியது அப்போதுதான்.

ராத்திரி விடுதியில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் கிளம்பியது. கோச் வேறு ஏதோ வண்டி பிடித்து முன்னாலேயே நழுவிவிட்டார். உள்ளே பாட்டு, சிரிப்பு, ஒருத்தன் செல்போனில் எதையோ காட்ட நாலு பேர் அவன் மேல் விழுந்து பார்க்கிறார்கள். சாவு வீட்டில் இருந்து திரும்புகிறவர்கள்கூட ஊர் எல்லை வரைக்கும் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பார்கள். கோலி மட்டும் கடைசி சீட்டில், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

ஊர் நெருங்கும்போது மேனேஜருக்கு போன் வந்தது. மைதானத்து வாசலில் கூட்டம் கூடியிருக்கிறதாம். அவர் எழுந்து முன்னால் வந்தார். கேப்டனையும் கூப்பிட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்று பேசினார்கள். அக்காவும் ஸ்டியரிங், கியர் மாதிரி வண்டியோடு வந்த ஒரு சாமான் என்றுதான் அவர்கள் நினைப்பு.

"யார் மேலயாவது கோவத்தக் கொட்டிட்டாங்கன்னா அடங்கிடுவாங்க" என்றார் மேனேஜர். "கதவு வீடு அங்கதான இருக்கு. வாசல்ல அவன எறக்கி விட்டுடலாம். நாம பின் கேட் வழியா போயிடலாம்."

கேப்டன் கொஞ்சம் யோசித்தார். கொஞ்சம்தான். "எட்டு கோல் விட்டது அவன்தானே சார்" என்றார்.

"அதான் நானும் சொல்றேன். நாளைக்கு அவன நீக்கிட்டோம்னு ஒரு அறிக்கை. முடிஞ்சது." மேனேஜர் குனிந்தார். "ஏம்மா, கேட்டுச்சுல்ல? கடைத்தெரு வழியா போ. வாசல்ல அவன் எறங்கினதும் நிக்காம எடுத்துடு."

"சரி சார்" என்றாள் அக்கா.

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கண்ணாடியில் பார்த்தாள். கடைசி சீட்டில் பையன் ஷூ நாடாவைக் கட்ட முயன்றுகொண்டிருந்தான், ஒரு கையால். இறங்குகிற இடம் வருகிறதென்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தனியாகத்தான் இறங்கப் போகிறான் என்பது மட்டும் தெரியாது.

கடைத்தெரு நேரான தெரு, சமமான தெரு. அதன் கடைசியில்தான் மைதானத்து வாசல். தெருமுனையில் திரும்பியதும் அக்கா எஞ்சினை அணைத்தாள். வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. சீட்டுக்கு அடியில் பேட்டரி சுவிட்ச் ஒன்று உண்டு. அதைச் செருப்பு நுனியால் தட்டிவிட்டு, மறுபடி சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. இன்னொரு தடவை திருப்பினாள். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"என்னாச்சு?" என்றார் மேனேஜர்.

"செல்ஃப் எடுக்கல சார். தள்ளித்தான் ஆகணும்."

"தள்ளணுமா? இங்கயா?"

"நடுத்தெருவுல நிக்குது சார். பின்னாடி காய்கறி வண்டிக்காரங்க கத்துறாங்க, கேக்குதா? சும்மா ஒரு தள்ளு. புடிச்சுக்கும்."

முனகிக்கொண்டே இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, காதில் பாட்டுக் கருவி. கோலியும் எழுந்து வந்தான்.

"நீ எங்க போற? உக்காரு" என்றாள் அக்கா.

"தள்ளணும்னு சொன்னீங்களே அக்கா."

"கையில கட்டு போட்டுக்கிட்டுத் தள்ளுவியா? முன் சீட்டுல உக்காந்து கண்ணாடியப் பாரு. எவன் தள்ளாம நடிக்கிறான்னு சொல்லு."

அவன் உட்கார்ந்தான். அவளோடு அவன் பேசுவதே அதுதான் முதல் தடவை.

தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டுமானால் கியர் போட்டு, வண்டி உருண்டதும் கிளட்சை விட வேண்டும். அக்கா நியூட்ரலில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். நிம்மதி என்றால் கைக்கு இல்லை. எஞ்சின் ஓடாத பஸ்ஸின் ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்கும். தோள்பட்டை விட்டுப்போகும். ஆனாலும் நேத்திலிருந்து அவள் கைக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அது.

"புடிச்சுதா?" என்று பின்னாலிருந்து சத்தம்.

"இன்னும் கொஞ்சம்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வந்தார், வெட்டிக்கொண்டிருந்தவரும் பாதித் தலையோடு வந்தார். பழக்கடை அம்மா கையைத் தட்டிச் சொன்னாள்: "பாருடி, இன்னிக்குத்தான் எல்லாரும் ஒரே பக்கமா ஓடுறாங்க."

"அக்கா" என்றான் கோலி கண்ணாடியைப் பார்த்தபடி, "மேனேஜர் சார் கைய மட்டும் வச்சிருக்கார். தள்ளல."

"சார்," என்று கத்தினாள் அக்கா, "உங்க பக்கம்தான் வண்டி இழுக்குது. கொஞ்சம் தம் புடிங்க."

பையன் சிரித்துவிட்டான். உடனே சிரித்தது தப்போ என்று வாயை மூடிக்கொண்டான். அக்கா பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தாள். கண்ணில் தூசி விழுந்திருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

தெருக்கோடி நெருங்கியதும் வாசல் தெளிவாகத் தெரிந்தது. லாரியில் போய் வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே. முன்னால் நான்கு பேர் எதையோ தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கதவு. முழுக் கதவு, சட்டத்திலிருந்து கழற்றியது. அதில் சுண்ணாம்பால் "கோலிக்கு எங்கள் பரிசு" என்று எழுதியிருந்தது. பையனும் அதைப் படித்தான். அவன் முகம் செத்துப்போனது.

அக்காவும் பார்த்தாள். நீலக் கதவு. மேலே, ஈரத்துணி மாட்ட அவளே அடித்த வளைந்த ஆணி. முன் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர்.

பிரேக்கை மிதித்தாள். பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் பஸ்மேல் மோதி, ஒருத்தன்மேல் ஒருத்தன் சாய்ந்தார்கள். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க. அது நம்ம குளியலறைக் கதவுதானே?"

வீட்டுக்காரர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம காலையில வேற கதவுக்கு எங்க போறது" என்றார்.

"யாருக்குக் கொண்டு வந்தீங்க?"

"யாருக்குன்னா? அவனுக்குத்தான். எட்டு கோல். இத கோல் போஸ்ட்டுல மாட்டிக்கட்டும்."

அப்போதுதான் பூட்டு உடைந்தது. அக்கா இறங்கி வந்தாள். தண்ணி லாரித் தொண்டை திறந்தது.

"லாரியில நின்னுக்கிட்டே போனீங்க, நின்னுக்கிட்டே வந்தீங்க. அவ்வளவு தூரம் போய் என்னத்தய்யா பாத்தீங்க? எட்டு கோல் வானத்துல இருந்தா விழுந்துச்சு? ஒவ்வொண்ணும் பத்துப் பேரத் தாண்டித்தான் இவன்கிட்ட வந்துச்சு. அந்தப் பத்துப் பேரும் பின்னாடி நிக்கிறாங்க, போய்ப் பாருங்க. இவன மட்டும் உங்ககிட்ட எறக்கி விட்டுட்டுப் பின் கேட் வழியா ஓடத் திட்டம். என் காது படப் பேசினாங்க. வீங்கின கையோட எட்டாவது பந்துக்கும் பாஞ்சவன் இவன். உங்களப் பாத்து ஒரு கை தூக்கல அவங்க. கோவம் வரணும்தான், எனக்கும் வருது. ஆனா அத எறக்குறதுக்கு இந்தப் பையன்தான் கெடச்சானா?"

பிறகு கூட்டம் மெதுவாக நகர்ந்து பஸ்ஸின் பின்பக்கம் போனது. அங்கே வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டைகள். அணி வியர்த்திருப்பதை இந்த வருஷம் அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடி விழவில்லை, கல் விழவில்லை. வீட்டுக்காரர் கதவின் முன் மூலையைக் கேப்டன் தோளில் வைத்தார். மற்ற மூலைகளுக்கும் ஆள் பிடித்தார்கள்.

"எங்க கொண்டு போகணும்?" என்றார் கேப்டன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க வீட்டுக்குத்தான். பின்ன, நான் எப்படிக் குளிக்கிறது?" என்றாள் அக்கா.

அவள் மறுபடி ஏறினாள். செருப்பு நுனியால் சுவிட்சைத் தட்டி, சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே திருப்பில் உறுமியது. தெரு முழுக்கக் கேட்டது. மேனேஜர் மூச்சிரைக்க ஜன்னலோரம் வந்தார்.

"அப்ப செல்ஃப் நல்லாத்தான் இருந்துச்சா?"

"இப்பத்தான் சார் சரியாச்சு."

"நாளையில இருந்து வராத."

பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அந்த சீட்டில் அவள் இடுப்புக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆசையாக வாங்கிப் போட்ட உறையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு இறங்கினாள். பையன் பின்னாலேயே வந்தான். "என்னால வேல போச்சே அக்கா" என்றான்.

"உன்னாலயா? எல்லாத்தையும் நீயே தலையில போட்டுக்காத. வா, டீ குடிக்கலாம்."

வீடு வரை சுமந்து வந்து, கேப்டன் கோணலாகப் பிடித்துக்கொடுத்து மாட்டிய குளியலறைக் கதவு அது. சாத்தினால் அடியில் உரசும். வீட்டுக்காரர் சீவிவிடுகிறேன் என்று இழைப்புளியை எடுத்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

கோலியை நீக்கும் அறிக்கை வரவே இல்லை. அவ்வளவு பேர் காதில் விழுந்த பிறகு எந்த முகத்தோடு எழுதுவது. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் ஆட்டம். அக்கா இப்போது பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறாள், சனிக்கிழமை விடுமுறை. டிக்கெட் எடுத்து, வீட்டுக்காரர் பக்கத்தில், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தாள். முதல் கால் மணி நேரத்துக்குள் கேப்டன் ஒரு பந்தை நின்று வேடிக்கை பார்த்தார்.

அக்கா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழாய் இல்லை, கதவு இல்லை. மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். மைதானத்தின் மறுகோடியில் கையில் கட்டோடு நின்றிருந்த கோலி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கேப்டன் திரும்பிப் பார்க்காமல் ஓட ஆரம்பித்தார்.