என் கைக்கு ஒரு ரிவால்வர்

தொண்ணூறுகளின் நடுவில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, எனக்கு ஒரு பெரிய ரிவால்வர் மேல் ஆசை வந்தது. நகை மேல் வந்திருந்தால் வீட்டில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆசையை மூட்டிவிட்டவர் என் சினியோறா, நான் வேலைக்கு நின்ற வீட்டின் இத்தாலிய எசமானி. பலெர்மோவின் கால்சா பகுதியில், திருத்திக் கட்டிய பழைய மாளிகையின் மேல்மாடியில் அவருடைய வீடு. அதைத் துடைப்பதும் சமைப்பதும் என் வேலை. அவருக்கும் என் வயதுதான். சனிக்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போய், வட்டம் வரைந்த அட்டையைப் பார்த்துச் சுடுவார். எனக்கு அன்று விடுமுறை. துணைக்கு வரச் சொன்னார், போனேன். சும்மா நிற்பானேன் என்று ஒரு சின்ன ரிவால்வரைத் தந்து சுட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டேன். அட்டையில் ஓட்டை விழுந்ததைக் கண்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

சில மாதங்கள் போனதும் சின்னது போதவில்லை. பக்கத்தில் ஒருவர் நாற்பத்து நான்கு கலிபரில் சுடும்போது தரையின் அதிர்வு என் செருப்புக்குள் ஏறும். அதோடு பார்த்தால் நான் சுட்டது சீன வெடி. எனக்கும் அதுதான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். அனுமதிக்காகப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் நின்ற வரிசையைப் பற்றிச் சொல்லப் போனால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், அதனால் விடுகிறேன். அனுமதி கிடைத்தது.

கிடைக்காதது வீட்டு அனுமதி. என் கணவர் பக்கத்து நகரமான பகேரியாவில் ஒரு வில்லாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடு விட்டு வருமுன், எங்கள் சொந்த ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் அவரைத் துவக்குப் பிடியால் தோளில் அடித்தார்கள். தோள் ஆறிவிட்டது. ஆனால் அன்று தொடங்கிய கைநடுக்கம் பலெர்மோவரை கூடவே வந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். நான் ரிவால்வர் பேச்சை எடுத்ததும் கோப்பையை வைத்துவிட்டார்.

"நீர் அங்கை போய் என்னத்தையெண்டாலும் சுடும், நான் கேக்கேல்லை. உந்தச் சாமான் வீட்டுக்குள்ளை வந்தால் நான் வெளியிலை போறன்."

அவர் அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிற ஆள் இல்லை. சொன்னால் செய்வார். அவரை வெளியில் அனுப்பிவிட்டு ரிவால்வரோடு குடித்தனம் நடத்த நானும் தயாரில்லை. ஆனால் ஆசையை விடவும் மனம் வரவில்லை. பார்த்தால் என்ன குற்றம் என்று சினியோறாவோடு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே சின்னது ஒன்றை எடுத்து வைத்தார், கைப்பைக்குள் வைக்கலாமாம். எனக்குச் சுர்ரென்று வந்தது. நாற்பத்து நான்கு என்றேன். அவர் வரிசையாக எடுத்து வைக்க, பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். கட்டைக் குழல் உள்ளது தூக்க லேசு, ஆனால் சுடும்போது துள்ளும். நீளக் குழல் பாரம், ஆனால் அந்தப் பாரமே துள்ளலை அமுக்கிவிடும். வாளியும் துடைப்பமுமாகப் பிழைத்த மணிக்கட்டுக்குப் பாரம் ஒரு பாரமா? நீளக் குழலையே எடுத்தேன்.

சிக்கல் பிடியில்தான் இருந்தது. அதோடு வந்த மரப்பிடி ஏதோ பூதத்தின் கைக்குச் செய்தது. என் விரல் விசையை எட்டவே இல்லை. பிடியைக் கழற்றி வேறு மாட்டலாம் என்று கடைக்காரர் மூன்று பிடிகளை எடுத்துவைத்தார். பளபளவென்று ஒரு மெல்லிய மரம், கோடு வெட்டிய மங்கல் மரம் ஒன்று, கறுப்பு ரப்பர் ஒன்று. அவரும் கழகத்து உறுப்பினர். சனிக்கிழமை எல்லாவற்றையும் கொண்டுவருவதாகவும், சுட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். சனிக்கிழமைவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பளபள மரத்தை மாட்டி முதல் குண்டைச் சுட்டேன். பிடி கைக்குள் சுழன்றது, குழல் கூரையைப் பார்த்தது, விசைக் காப்பு நடுவிரலில் இடித்தது. மரம் சரியில்லை என்றேன். கோடு வெட்டியதை மாட்டினார்கள். அதுவும் வழுக்கியது. ரப்பரும் வழுக்கியது. மூன்று பிடியையும் செய்தவர்களை நான் தமிழில் திட்டிக்கொண்டிருக்க, சினியோறா என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். காலையில் எதைப் பொரித்தாய் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலை முழுகப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதான் முறை. வெள்ளியில் வேலைக்கு நிற்பதால் என் முழுக்கைச் சனிக்கு மாற்றி வைத்திருந்தேன். பல்லரோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கும் நல்லெண்ணெயை ஒவ்வொரு சனி காலையும் என் கணவர் மிளகு போட்டுச் சூடாக்கித் தருவார். உச்சி முதல் உள்ளங்கால்வரை பூசுவோம். முழுகிய பிறகும் அது கையை விட்டுப் போகாது. சின்ன ரிவால்வர் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, பெரியது காட்டிக்கொடுத்துவிட்டது. கழகமே கூடிச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

பாத்திரம் கழுவும் சோப்பால் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மறுபடி சுட்டேன். ரப்பர் இதமாக இருந்தது, ஆனால் தடிப்பு, விரல் விசையை எட்டவில்லை. கோடு வெட்டிய மரம் உள்ளங்கையில் கச்சிதமாக அமர்ந்தது. விசைக் காப்புக்குப் பின்னால் இருந்த இடைவெளியை மரமே அடைத்திருந்ததால் விரலும் தப்பியது. இடி முழங்கையில் வந்து நின்றது, அட்டையின் கறுப்பு வட்டம் கிழிந்து தொங்கியது. அவ்வளவு சந்தோஷத்தை நான் என் கலியாணத்தில்கூடக் காட்டவில்லை.

ரிவால்வரை ஒரு வாரம் எடுத்துவைக்கச் சொன்னேன். பிடியை மட்டும் வாங்கிக் கைப்பையில் போட்டு வந்தேன், கைக்குப் பழகட்டும் என்று. எண்ணெயால் வந்த கூத்தைச் சொன்னபோது கணவரும் சிரித்தார். பிடியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அடுத்த நாள் நான் சமையலில் நிற்க, மேசையில் நான் மறந்து விட்டிருந்த பிடியை அவர் எடுத்துப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பிடியாக் கிடக்கு. கொப்பு வெட்டிற கத்தரிக்கோலுக்கோ?"

"இல்லை. அந்தத் துவக்குக்கு."

எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. பிடித்தபடியே இருந்தார்.

"சுடேக்கை உமக்குக் கை நடுங்கிறேல்லையோ?"

"இல்லை. ஒரு சொட்டும் நடுங்கேல்லை."

"எனக்கு இப்பவும் நடுங்குது, பாரும்" என்று கையை நீட்டிக் காட்டினார். பிறகு பிடியை மெல்ல மேசையில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்கக் கடைக்காரருக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல எண்ணெய் சூடானது. நான் கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அவர் தன் தலையில் தாராளமாக ஊற்றித் தேய்த்துவிட்டு, மிச்சத்தை மூடி வைத்தார்.

"எனக்கு?"

"உமக்கு இண்டைக்கு வேண்டாம். நாளைக்கு முழுகும்."

"ஏன்?"

"துவக்குக் கடை திறந்திருக்குமெல்லோ. போய் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாரும். உம்மடை கையாவது உறுதியா இருக்கட்டும்."

எனக்குக் கத்த வேண்டும்போலவும் அழ வேண்டும்போலவும் இருந்தது. அவருடைய நெற்றியிலிருந்து எண்ணெய் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் படக்கூடாதே என்று, புறங்கையால் துடைத்துவிட்டேன்.