கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம்

ஷேர் ஆட்டோ ஓட்டுறவனுக்குப் பாதி வேலை ரோட்டைப் பாக்குறது, மீதி வேலை அந்த ரோட்டைப் பத்தி வண்டியில ஏறினவங்க சொல்றதைக் கேக்குறது. நீங்களும் தினம் ஒரு மோசமான ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போறவரா இருந்தா, நான் சொல்லப்போறது உங்களுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது.

நான் ஓட்டுறது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பீங்கான் கம்பெனிங்க இருக்குற பக்கம். டவுனைத் தாண்டினா, வளைவுல வாய்க்கால் மேல ஒரு சின்னப் பாலம். கரும்பு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டருங்க இடிச்சு இடிச்சு ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் போயிடுச்சு. நடுவுல பெரிய பள்ளம். மழை பேஞ்சா ரோடு எங்க முடியுது, வாய்க்கால் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது.

இறங்கி நடக்குறவங்க

அஞ்சலையம்மாவுக்குக் கப்பு பேக்கிங் வேலை. கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுல வந்து இறங்கி என் வண்டியில ஏறுவாங்க. பாலம் வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கிடுவாங்க. நடந்தே பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறுவாங்க. வண்டியில இருக்குற பொண்ணுங்கல்லாம் சிரிப்பாங்க. எனக்கும் கொஞ்சம் கோவம்தான். நான் ஓட்டுறது மேல நம்பிக்கை இல்லைன்னு தானே அர்த்தம்?

ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன். அவங்க சேலையை உதறிக்கிட்டு நிதானமா சொன்னாங்க: "உன்னைய நம்பாம இல்ல தம்பி. வண்டி கவுந்தா நீ தப்பா ஓட்டுனன்னு கேஸு எழுதுவாங்க. ரோடு தப்பா இருந்துச்சுன்னு எவன் எழுதப் போறான்?"

ஆஸ்பத்திரி வாசல்

சூசை அண்ணன் சூளையில வேலை செஞ்சவரு. சைக்கிள்லதான் வருவாரு, போவாரு. என்னைத் தாண்டும்போது ஒரு தடவை மணி அடிப்பாரு. அதான் எங்களுக்குள்ள வணக்கம். அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்தே விடாத மழை. சாயங்காலம் வேலை விட்டு அவரு முன்னால கிளம்பிட்டாரு. பின்னாலயே ஆளுங்களை ஏத்திக்கிட்டு நான் வரேன். பாலத்துக்கிட்ட தண்ணிக்கு மேல சைக்கிள் ஹேண்டில்பார் மட்டும் தெரியுது. வண்டியில இருந்த ஆம்பளைங்களும் நானும் வாய்க்கால்ல இறங்கினோம். கொஞ்சம் தள்ளி, கோரைப்புல்லுல மாட்டிக்கிட்டுக் கிடந்தாரு. தலையில அடி. என் வண்டியிலதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போற வழியெல்லாம் ஒருத்தர் அவரு உள்ளங்கையைத் தேய்ச்சுக்கிட்டே வந்தாரு. நாங்க போய்ச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

அவரு சம்சாரம் மேரி வந்து பாத்துட்டு அழவேயில்ல. விசாரிக்க வந்த போலீஸ்காரரு, ஆஸ்பத்திரி ஆளு, சொந்தக்காரங்க எல்லாருமா கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே நின்னாங்க. எல்லாரும் போனப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. "குடிச்சிருந்தாரான்னு எல்லாரும் கேட்டுட்டாங்க அண்ணே. ரோடு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலியே."

நாங்களே போட்ட ரோடு

அடக்கம் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை, ஆட்டோக்காரங்களும் கம்பெனி ஆளுங்களும் சேந்து பள்ளத்தை மூடினோம். எங்க ஊர்ல ஓசியில கிடைக்கிற ஒரே சாமான் உடைஞ்ச பீங்கான். சூளையில வெடிச்ச கப்பு, மூக்கு போன பொம்மை, எல்லாத்தையும் கொட்டி மேல செம்மண்ணைப் போட்டு மிதிச்சோம். சூசை அண்ணன் பேரைச் சொல்லித்தான் ஒவ்வொருத்தரும் கூடை கூடையாக் கொட்டினாங்க.

அடுத்த மழையில மண்ணு கரைஞ்சு ஓடிடுச்சு. பீங்கான் ஓடெல்லாம் கத்தி மாதிரி மேல நீட்டிக்கிட்டு நின்னுச்சு. முதல்ல கிழிஞ்சது என் டயருதான். எனக்குப் பின்னால வரிசையா வந்த வண்டிங்களைப் பாத்துட்டுப் பஞ்சர் கடைக்காரரு சொன்னாரு: "நல்லது பண்ணணும்னுதான் பண்ணீங்க, தெரியுது. ஆனா ரோடு போடுறது ரோடு போடுறவன் வேலைப்பா. அவனைப் போய்ப் புடிங்க."

பாதிப் பாலம்

போய்ப் புடிச்சோம். அந்தப் பாலத்தோட நடு மத்தியிலதான் எங்க ஊராட்சிக்கும் பக்கத்து ஊராட்சிக்கும் எல்லை. எங்க ஊராட்சியில கேட்டா பள்ளம் அந்தப் பக்கம்னாங்க. அந்த ஊராட்சியில கேட்டா வளைவு இந்தப் பக்கம்னாங்க. ரெண்டு பேரும் சேந்து ஒன்றிய ஆபீசுக்குக் கைகாட்டினாங்க. அங்க ஓவர்சியர் நல்ல மனுஷன்தான். எங்க கூட வந்த மேரியை உக்காரச் சொல்லி, டீ வரவழைச்சுக் கொடுத்தாரு. வரைபடத்தை விரிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. யாரு செலவுல கட்டணும்னு முடிவு பண்ண அவருக்கு ஏதாவது ஒரு புடி வேணும். எங்களுக்கு உதவணும்னுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாருன்னு இன்னிக்கும் நான் நம்புறேன். ஆனா மேரி கையில இருந்த டீ டம்ளர் அப்படியே நின்னுடுச்சு.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, உங்க வூட்டுக்காரரு எந்தப் பக்கமா விழுந்தாரு?"

தலைவரம்மா ஏறின சவாரி

எங்க ஊராட்சித் தலைவர் ஒரு அம்மா. பேரு அவங்களுது, பேச்சு அவங்க வூட்டுக்காரருது. மனு கொடுக்கப் போனா அவருதான் வாங்குவாரு, "பாத்துக்கலாம்"னு அவருதான் சொல்லுவாரு. அம்மா வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. ஒரு நாள் மழை விட்ட நேரம், அவங்க கார் ரிப்பேர்னு பஸ் ஸ்டாண்டுல தனியா வந்து என் வண்டியில ஏறினாங்க. பாலம் வந்ததும் அஞ்சலையம்மா வழக்கம்போல இறங்கினாங்க. தலைவரம்மா ஏன்னு கேட்டாங்க. பாலத்து மேல நிக்குற தண்ணியை எட்டிப் பாத்துட்டு, அவங்களும் செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு இறங்கிட்டாங்க.

முட்டி அளவு தண்ணி. அஞ்சலையம்மா கையைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா வச்சாங்க. நடுவுல ஒரு தடவை கால் வழுக்கி, அஞ்சலையம்மா தோளைக் கட்டிப் புடிச்சு நின்னாங்க. திரும்ப வண்டியில ஏறி, சேலையைப் பிழிஞ்சு விட்டுக்கிட்டாங்க. அவங்க வூட்டு வாசல்ல இறங்கும்போது மெதுவாச் சொன்னாங்க: "கிராம சபைக் கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. எங்க வூட்டுக்காரரு எந்திரிச்சா எதுவும் கேக்காதீங்க. நான் எந்திரிக்கிறவரைக்கும் இருங்க."

இடுப்பு உசரம்

இருந்தோம். அவரு எந்திரிச்சுப் பேசி உக்காந்தாரு. கூட்டம் கம்முன்னு இருந்துச்சு. அப்புறம் அம்மா எந்திரிச்சாங்க. எல்லை எங்க இருந்தாலும் முழுப் பாலத்தையும் நம்ம ஊராட்சியே கட்டும்னு தீர்மானம் போடச் சொன்னாங்க. அவங்க வூட்டுக்காரரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு, அம்மா அவரைப் பாக்கவேயில்ல. கை தூக்கச் சொன்னதும் பின்னால நின்ன பொம்பளைங்கதான் முதல்ல தூக்கினாங்க. அதுக்கப்புறமும் ஓவர்சியர் ஆபீசுக்கு நடையா நடந்தோம். ஆனா அந்தத் தடவை அம்மாவும் கூட வந்தாங்க. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால பள்ளம் தூந்து, ரெண்டு பக்கமும் சுவர் எழும்பிடுச்சு.

மேரி இப்ப ஒரு கம்பெனியில கப்புக்குக் கைப்பிடி ஒட்டுற வேலை பாக்குறாங்க. முதல் நாள் என் வண்டியிலதான் போனாங்க. பாலத்துல நிறுத்தச் சொன்னாங்க. இறங்கிப் போய்ச் சுவர் பக்கத்துல நின்னாங்க. சிமெண்டு மேல உள்ளங்கையை வச்சு, கீழ ஓடுற தண்ணியைப் பாத்தாங்க. நான் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன். திரும்பி வந்து உக்காந்தப்புறம் சொன்னாங்க: "இடுப்பு உசரந்தான் இருக்குது அண்ணே. இவ்ளோதான் வேண்டியிருந்துச்சு."

எங்க தொழில்ல ஒருத்தர் கைகாட்டினா வண்டி நிக்கும், ஆபீசுங்கள்ல ஒருத்தர் கைகாட்டினா அடுத்த ஆபீசு வரும். இந்த வித்தியாசம் புரியுறதுக்கே எங்களுக்கு ஒரு மழைக்காலம் போயிடுச்சு.