வாலில் சங்கு

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக, நடக்காத சரித்திரத்தின் போர் விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன் நான். செங்கோட்டை ஒருகாலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அந்த ராஜ்ஜியம் இந்தியாவோடு சேராமலே இருந்திருந்தால்? ஒரு மாதம் உட்கார்ந்து அதற்கொரு ஜெட் தயாரித்தேன். வாலில் அந்த ராஜ்ஜியத்தின் சின்னமான சங்கை வரைந்து, குற்றால மலைமேல் பறக்கவிட்டு, படத்தை இணையத்தில் போட்டேன்.

என்னை வேலைவெட்டி இல்லாதவன் என்று ஏசும் தென்காசி மாமாவுக்கு அது வாட்ஸ்அப்பில் 'மறைக்கப்பட்ட வரலாறு' என்று வந்து சேர்ந்தது. குற்றாலம் மெயின் அருவியில் குளிக்கப் போனபோது, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கூட வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது நான் வரைஞ்சது."

"போலே! ஒனக்கு இதெல்லாம் வருமா? எங்கப்பா கண்ணால பாத்திருக்காக. ஒண்ணு இல்லலே, ரெண்டு சேந்து ஜோடியா வருமாம்!"

எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள். இந்த மூடக் கூட்டத்துக்கா வரைந்தேன்? அருவிக்குள் தலையைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன். ஒற்றை விமானம் வெறிச்சென்றுதான் இருந்தது. பக்கத்தில் இன்னொன்றைப் பறக்கவிட்டேன். அழகாக இருந்தது.

எனக்கு ஒரு மாதம் பிடித்த கற்பனை, அந்த மனுஷனுக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது. அதற்காகத்தான் அவரை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.