கடுகுக்குப் போட்ட பூட்டு

பூட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் பலருக்குப் பிடிபடாது. சிஐடி வீடு என்றால் குழந்தைகூடக் காட்டும். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்த்து வாங்குகிற மனிதர். ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் நொடியில் திறக்கிறவருக்கு யார்மேல்தான் நம்பிக்கை வரும்?

அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் கடுகு, அவருடைய கிழட்டுக் கறுப்பு நாய். பட்டாசுச் சத்தம் கேட்டால் போதும், கால்போன போக்கில் ஓடிவிடும். போன வருட விருந்தில் வேறொரு கண்டம். யாரோ சாக்லேட் கேக்கைக் கொடுத்துவிட, கக்கிக் கக்கிப் பிழைத்தது. நாய்க்கு அது விஷம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவர் கண்ணெல்லாம் மச்சினன் மேல்தான். அவன் முழியே சரியில்லை என்று மனைவியிடம் முணுமுணுப்பார். தன் தம்பியைச் சொன்னால் எந்த அக்கா பொறுப்பாள்? அன்றைக்குக் காபி ஆறித்தான் வரும்.

இந்த விடுமுறைக்கு, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே கடுகை உள்ளறையில் விட்டார். ஜன்னலைச் சாத்தினார், பழைய போர்வையை விரித்தார், சத்தம் அமுங்க மின்விசிறியை ஓடவிட்டார். கதவுக்குப் புதுப் பூட்டு. பூட்டினார், சாவி சரியாகச் சுற்றுகிறதா என்று திறந்து பார்த்தார். எந்தப் பூட்டையும் அப்படிச் சோதிக்காமல் விட அவருக்குக் கை வராது. அதற்குள் போட்டோ எடுக்க மனைவி கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

பிறகு சாப்பாட்டு மேசைப் பக்கம் காவல். மச்சினன் கேக் தட்டைத் தொடும்போதெல்லாம் இவர் தொண்டையைக் கனைத்தார். பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் முதல் வெடி. திரும்பிப் பார்த்தால் மச்சினனைக் காணோம். உள்ளறைக்கு ஓடினார். கதவு திறந்து கிடந்தது. போர்வைமேல் நாய் இல்லை.

படுபாவி திறந்து விட்டுவிட்டான். வெளியே வண்டிகள் பறக்கிற சாலை. 

தலைதெறிக்க வாசலுக்கு வந்தவர், மச்சினனின் காருக்குள் யாரோ குனிந்திருப்பதைக் கண்டார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. மச்சினன் மடியில் கடுகு. அதன் காதுகளை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான். காலில் செருப்பில்லை, முழங்கால் சிராய்த்து ரத்தம்.

கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "யாருடா அவன திறந்து விட்டது?"

"பூட்டவே இல்ல அத்தான். வெடிச் சத்தத்துல கதவ முட்டித் தள்ளிட்டு ஓடினான். ரோட்டுக்கிட்ட போய்த்தான் புடிச்சேன்."

அவர் கை இடுப்புச் சாவிக்குப் போனது. பூட்டினார், திறந்து பார்த்தார். அதோடு சரி.

மச்சினன் நாயைப் பார்த்தபடியே சொன்னான்: "போன வருஷம் கேக் குடுத்தது நான்தான் அத்தான். வெஷம்னு தெரியாது."

இதற்காக ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு அவரிடம் நிறைய இருந்தது. அடுத்த வெடிக்குக் கடுகு நடுங்கியது. சாவியை எடுத்து மச்சினன் சட்டைப்பையில் போட்டார். பிறகு, கார்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று அவனையே ஒருமுறை பார்க்கச் சொன்னார்.