அட்டைப்பெட்டியும் அடைத்துப்போன வயிறும்

மலச்சிக்கலில் வயிறு அடைத்துக் கிடந்த ஏழு வயது மகளுக்கு, பேதியை நிறுத்தும் மருந்து வாங்கிக் கொடுத்த அறிவாளி நான். அதுவும் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு தாங்க" என்று கேட்டு வாங்கினேன். இதைப் படிக்கும் பெற்றோர் யாருக்காவது என்னைத் திட்டத் தோன்றினால், இங்கேயே திட்டிவிட்டு மேலே படிக்கலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நான் ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். போன குற்றாலச் சாரல் சீசனுக்கு லீவில் சொந்த ஊர் வடகரைக்கு வந்திருந்தேன். வந்த நாலாம் நாள் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு மகள் நஸ்ரினுக்கு உடை மாற்றும்போது, என் மனைவி சபீனா அவளுடைய ஜட்டியை என்னிடம் நீட்டினாள். பழுப்பாக, பிசுபிசுவென்று. சிப்ஸ் கடை எண்ணெய் வாசத்தையும் தாண்டி அந்த நாற்றம் மூக்கில் ஏறியது.

"அருவித் தண்ணி ஒத்துக்கல" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கா. நீங்க அருவியக் கொற சொல்லுதீங்க."

இரண்டு மாதப் பேதியா! மருத்துவம் என் கைக்கு வந்தது. மேலே சொன்ன மருந்தைக் கொடுத்தேன். பழத்தை நிறுத்தினேன். கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியும் பாலும் மட்டும். ஒரே வாரத்தில் வயிறு உப்பியது. கசிவு ஒரு நாளைக்கு ஐந்து தடவையானது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜட்டி அலசினேன். அப்படியும் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

"ஏழு கழுத வயசாச்சு, வெக்கமா இல்லையாட்டி? வந்தா சொல்லத் தெரியாதா?"

"வாரது எனக்குத் தெரியல வாப்பா."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதை எழுதும்போதுதான் எனக்கு இப்போதும் குமட்டுகிறது, ஜட்டியை நினைத்து அல்ல.

பள்ளியில் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டதாம். மறுநாள் நஸ்ரின் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்" என்றாள். விரல்களைப் பிரித்தெடுக்க முடியவில்லை. அன்றுதான் தென்காசியில் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். "இங்கன தொடுங்க."

இடப்பக்க அடிவயிற்றில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கையை வெடுக்கென்று எடுத்தேன். "கட்டியா டாக்டர்?"

"மலம்" என்றார்.

இறுகிய மலம் மலக்குடலை (குடலின் கடைசிப் பகுதி) அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிகிறது. பார்ப்பவர்களுக்குப் பேதி மாதிரித் தெரியும். குடல் விரிந்து விரிந்து உணர்ச்சி மழுங்கியதால், கசிவது பிள்ளைக்கே தெரியாது. அவர் சொல்லி முடித்ததும் நான் கொடுத்த மருந்தின் பெயரைச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"என்ன சாப்பிடுதா?"

சபீனா என்னைப் பார்த்தாள். ஷார்ஜாவிலிருந்து ஊருக்குப் போகிற ஆளிடமெல்லாம் நான் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்துவிடுவேன். பால் மாவு, சீஸ், கிரீம் பிஸ்கட், சாக்லேட், கப் நூடுல்ஸ். மகள் அதைத் தின்னும் படம் போனில் வந்தால் எனக்கு அன்றைக்கு ராஜ உறக்கம். காய்கறியை ஒதுக்குவாள், தண்ணீர் குடிக்க மாட்டாள், போனால் வலிக்கும் என்று அடக்குவாள். அதெல்லாம் படத்தில் வரவில்லை.

எனிமா (ஆசனவாய் வழியாக மருந்து நீர் ஏற்றிக் குடலைக் கழுவுவது) கொடுத்தார்கள். பிறகு, மலத்தை இளக்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த மூன்று நாளை வர்ணிக்க மாட்டேன். கக்கூஸில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் இறங்காததை நான் தென்னை மட்டையால் குத்தினேன் என்பதோடு விடுகிறேன். இரண்டு வருடமாக நான் அனுப்பிய பாசம் முழுவதும் அங்கே நாறியது.

அலமாரியில் மிச்சமிருந்த பெட்டியைத் திறந்தேன். சாக்லேட் வாசம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். யாருக்காவது கொடுக்கலாம் என்றால், அதுவும் ஒரு பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும். கொல்லைத் தென்னையின் அடியில் குழி வெட்டிப் புதைத்தேன். அந்தத் தென்னைக்கு என்ன ஆகுமோ தெரியாது.

பொடியைப் பல மாதம் நிறுத்தக் கூடாது, குடல் பழையபடி சுருங்க அவ்வளவு காலம் ஆகும் என்றார் டாக்டரம்மா. சாப்பிட்டதும் காலுக்கடியில் முக்காலி வைத்துப் பத்து நிமிடம் கக்கூஸில் உட்கார வேண்டும். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தவளை மாதிரிக் கத்தினேன். உள்ளேயிருந்து சிரிப்பும், சில சமயம் வேறு சத்தமும் வந்தது. முருங்கைக் கீரையை என் சட்டை மேலேயே துப்பினாள். திணிக்காமல், திட்டாமல், மறுநாளும் கொஞ்சம் வைத்தோம். கொய்யாவைத்தான் முதலில் ஒப்புக்கொண்டாள். மூன்றாவது வாரம், பையில் மாற்றுத்துணியோடு பள்ளிக்குப் போனாள். மாற்றுத்துணி மடிப்புக் கலையாமல் திரும்பி வந்த அன்று, சபீனா அதை மோந்து பார்த்துவிட்டு அழுதாள்.

இப்போது ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டேன். என் நாட்களுக்குக் கிழமை போய்விட்டது. நஸ்ரின் வெளிக்குப் போன நாள், போகாத நாள் என்று இரண்டு வகைதான். குடோனில் யாரும் பார்க்காதபோது என் வயிற்றையும் அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். நாற்பது வருடமாக உள்ளே என்ன நடக்கிறது என்று நான் விசாரித்ததே இல்லை.

நேற்று வீடியோ காலில் அவள் கீரைச் சோறு தின்றுகொண்டிருந்தாள். நார்ச்சத்து, தண்ணீர், ஒழுங்கு என்று நான் பத்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். போனுக்குப் பின்னால், என் முன்னே, பரோட்டாவும் பொரித்த கோழியும் ஆறிக்கொண்டிருந்தன. மென்று விழுங்கிவிட்டு அவள் சொன்னாள்:

"ஒங்க தட்டக் காட்டுங்க வாப்பா."