தம்பி அனுப்பிய நீள அலகு

எங்கள் புத்தூர் வீட்டு வேலிப் பூவரசுகளை வெங்காயத் தோட்டத்துத் தழைப் பசளைக்காக நான்தான் வெட்டுவேன். அதற்கென்றே கைக்கடக்கமான சிறிய சங்கிலி வாள் ஒன்று வைத்திருக்கிறேன். சங்கிலி சுற்றி ஓடும் அதன் அலகு தேய்ந்துவிட்டதென்று கனடாவிலுள்ள தம்பியிடம் சொன்னேன். அடுத்த பொதியிலேயே புது அலகும் சங்கிலியும் வந்தன. பழையதைவிட இரண்டு மடங்கு நீளம், பாரமும் அப்படித்தான். பூட்டியதும் வாளின் மூக்கு கீழே இழுத்தது. ஆனாலும் தம்பி ஆசையாக அனுப்பியதை வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

அவன் பார்க்கட்டுமென்று கணவர் கைபேசியை வீடியோ அழைப்பில் பிடிக்க, தோளுயரக் கிளையொன்றை அரிந்தேன். கிளை அறுந்ததும் வாளைத் தாங்க முடியவில்லை. மூக்குச் சரிந்து, பக்கத்து உடுப்புக் கொடியை அறுத்துக்கொண்டு, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. பதறிப்போய் வாளை நிறுத்தினேன். ஈரச்சேலைகள் எல்லாம் கணவரின் தலையில்.

கைபேசி இருண்டுபோகத் தம்பி கத்தினான். "என்னக்கா நடந்தது? கதையுங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லையடா. உன்ரை அத்தான்தான் சேலைக்குள்ளை நிக்கிறார்."

மூவரும் சிரித்து முடிய நெடுநேரமானது.

இப்போது அலகு வாங்க வாளையும் கடைக்குக் கொண்டுபோகிறேன். பூட்டி, முன்பிடியில் தூக்கிப் பார்த்து, மூக்குக் கீழே சாயாவிட்டால்தான் வாங்குவேன். அப்படித் தேர்ந்த கட்டையான, பாரமில்லாத அலகால் காலை முழுக்க வெட்டினாலும் கை நோவதில்லை.

திருவிழாவுக்கு வரவிருக்கும் தம்பி, என்ன கொண்டு வரவேண்டுமென்று கேட்டான்.

"உடுப்புக் கொடிக்கு ஒரு கயிறு கொண்டு வா" என்றேன். "அது எவ்வளவு நீளமாய் இருந்தாலும் பரவாயில்லை."