பச்சைத் தொப்பி

அத்தைக்கு நான் செய்த காரியத்தை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்திருப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை மோரி. மோரிக்கும் மைதானத்துச் சுவருக்கும் நடுவே யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதில் ஒரு மூலையைக் கொத்தி, செங்கல்லும் பிளாஸ்டிக் பையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, அத்தை கீரை வளர்த்து வந்தாள். அப்பாவின் அக்கா அவள். மாமா செத்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தவள். இரண்டே அறை இருந்த வீட்டில் அவளுக்குச் சமையற்கட்டு வாசலில் படுக்கை.

காலையில் ஒரு முறம் நிறையப் பொன்னாங்கண்ணியோ அரைக்கீரையோ கிள்ளி வந்து அம்மாவின் முன்னால் வைப்பாள். வைத்த பிறகுதான் காபி குடிப்பாள். மழை பெய்து கீரை அழுகிப்போன நாட்களில் அவள் காபி கேட்க மாட்டாள். அம்மாவும் குடிக்கிறீர்களா என்று கேட்க மாட்டாள். அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

"கூட ஒரு வயிறுன்னா சும்மாவா? ஏதோ கீரையாவது வருது" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது எனக்கும் கேட்கும். அத்தைக்கும் கேட்டிருக்கும்.

அந்த வருஷம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன்களில் தன்னார்வலர்கள் வந்து இறங்கினார்கள். அந்த நிலத்தில் மரம் நட்டு, சிமென்ட் பெஞ்சு போட்டு, செடிக்குச் செடி பெயர்ப் பலகை வைத்து, ஏரியாப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளி வகுப்பறை அமைக்கப் போகிறார்களாம். நல்ல மனிதர்கள்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு மோரியோரத்துக் குப்பையெல்லாம் அள்ளினார்கள். பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நான் கான்வென்ட்டில் படித்ததால், அவர்களுக்குத் தலைவியாக இருந்த அக்கா என்னைக் கூடவே வைத்துக்கொண்டாள். அவள் இங்கிலீஷில் சொல்வதை மற்றவர்களுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை அவர்களுக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மூலைய மட்டும் விட்டுடச் சொல்லு கண்ணு. உனக்குத்தான் அவங்க பாஷ வரும்" என்றாள். சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு அத்தை அல்சூர் கோயிலுக்குப் போயிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து என் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் தன் அப்பாவோடு வேனில் வந்து இறங்கினாள். என் டிபன் பாக்ஸிலிருந்து கீரைக்கூட்டை ருசித்துச் சாப்பிடுகிறவள். அக்கா அந்த மூலையைக் காட்டி, "இது யாராவது போட்டதா?" என்று கேட்டாள். தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு மோரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா, தானா மொளச்சது. களை" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? முதல் பிடியை நானே பிடுங்கினேன். ஈர மண், வேரோடு சுலபமாக வந்தது. அக்கா என் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

கோயிலிலிருந்து திரும்பிய அத்தை அந்த மூலையில் குனிந்து வெறும் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "சொன்னியா கண்ணு?" என்றாள்.

"சொன்னேன் அத்தை. அவங்க கேக்கல."

"நீ என்ன பண்ணுவ பாவம்" என்று என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டாள். அடிப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் நான்.

மறுநாளிலிருந்து அவள் காபி குடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திறப்பு விழா நடந்தது. சுற்றிலும் கம்பிவேலி, பூட்டுப் போட்ட கேட், உள்ளே 'மூலிகை மூலை' என்று ஒரு பலகை. அதன் கீழே, நர்சரியிலிருந்து வாங்கி வந்து வரிசையாக நட்டிருந்தார்கள், பொன்னாங்கண்ணியை! யாரும் செடியைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கூட்டத்தோடு உள்ளே வந்த அத்தை குனிந்து ஒரு கொழுந்தில் கை வைத்தாள்.

"இங்கெல்லாம் கிள்ளக் கூடாது. ரூல்ஸ்!" என்று கத்தினேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். என் தொப்பியைப் பார்த்து, "சரிங்க மேடம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஊரின் மறுகோடியில், பீன்யாவில், கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த ஒரு வீட்டில் சமையல் வேலை என்று டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அப்பா ஆட்டோ பிடிக்கப் போனார். அத்தை கிளம்புகிற நேரம் அம்மா, கேட்காமலேயே, டம்ளர் நிறையக் காபி கலந்து கொண்டு வந்து வைத்தாள். அத்தை அதைத் தொடவில்லை.

"வேணாம்மா. பழக்கம் விட்டுப்போச்சு."

அத்தைக்குக் காபி பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆறிப்போகிறதே என்று அதை எடுத்து நானே குடித்துவிட்டேன்.